வரேன் என்று சொல்லாத வீடு

“பயணிகளின் கவனத்திற்கு. மலையடிவாரம் செல்லும் பேருந்து மூன்றாம் நடைமேடையிலிருந்து இன்னும் சற்று நேரத்தில் போறேன்.”

சொல்லி முடித்து பொத்தானை அணைத்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று பெரியவளுக்கு உறைத்தது. கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே பயணிகள் மேலே ஒலிபெருக்கியைப் பார்த்துச் சிரித்தார்கள். மூட்டையைத் தலையில் வைத்திருந்த ஒருவர், “போறதுன்னா போயேம்மா, எங்ககிட்ட எதுக்குச் சொல்ற?” என்று குரல் விட்டார். நிலைய மேலாளர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். இத்தனை வருடங்களில் ஒரு பேருந்தின் பேரைக்கூட மாற்றிச் சொல்லாதவள் அவள். அவருக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை. உடம்பு சரியில்லையா என்று மட்டும் கேட்டார். அவள் தண்ணீர் குடித்துவிட்டு ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களுக்கு என்னவோ இருக்கிறது என்பது மேலாளருக்கும் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

நேற்று மதியத்திலிருந்தே அவளுக்கு நிலைகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் தம்பி வீட்டுக்குச் சாப்பிட வருவான். வீட்டில் அவள் பெரியவள், அவன் சின்னவன். ஊருக்குள் வேறு என்ன பேர் இருந்தாலும் இந்த இரண்டுதான் அம்மாவின் வாயில் நிற்கும். சின்னவன் சந்தைக்குப் பின்னால் ஒரு முடிதிருத்தும் கடையில் வேலை பார்க்கிறான், அந்தக் கடை மாடியிலேயே ஓர் அறையில் தங்கியிருக்கிறான். நேற்று வந்தான், சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டே, வேறு ஊரில் ஒரு கடையில் வேலை கிடைத்திருக்கிறது, வியாழக்கிழமை கிளம்புகிறேன் என்றான். யாரும் வாயைத் திறப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு, “நான் போறேன்,” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான்.

அந்த ஒரு சொல்தான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

நம் வீடுகளில் யாராவது வாசலில் நின்று போறேன் என்று சொல்வார்களா? தெருமுனைக்கு உப்பு வாங்கப் போனாலும் போயிட்டு வரேன்தான். வேலையை விட்டுவிட்டு, இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு கிளம்புகிறவன்கூட முதலாளியிடம் வரேன் சார் என்றுதான் சொல்வான். போறேன் என்று சொல்கிறவன், ஒன்று சண்டை போட்டுக்கொண்டு போகிறான், இல்லையென்றால் திரும்ப மாட்டான். அப்படியிருக்க, சின்னவன் அதைத் தெரிந்துதான் சொன்னானா? இல்லை, அவள் பழக்கிவிட்டதைத்தான் சொன்னானா? ஏனென்றால் அந்த வீட்டில் வரேன் என்ற சொல்லுக்குத் தடை போட்டவளே அவள்தான்.

அது ஒரு தனிக் கூத்து. போன வருடத்துக்கு முந்தின வருடம் சின்னவன் தானாகவே ஒரு மருத்துவரிடம் போய்ப் பரிசோதித்துக்கொண்டு வந்தான். இதே மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே மாதிரி சாப்பிட்டுக்கொண்டே, “எனக்கு ஆட்டிசமாம். எனக்கு மட்டும் ஏன் இப்படி இருக்குன்னு இத்தனை நாள் மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன். இப்பதான் நிம்மதி,” என்றான். ஏதோ தொலைந்த சாவி கிடைத்தவன் மாதிரி முகம் தெளிவாக இருந்தது. அம்மா, அதனால என்ன, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்றாள். பெரியவளின் வீட்டுக்காரர் குழாய் வேலை பார்க்கிறவர், மச்சானை வம்புக்கு இழுக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. அவர், “அப்ப நீ சொன்னது சரிதான் மச்சான், உனக்கு எப்பவும் தலைக்கு மேல வேலைதான்,” என்றார். முடிவெட்டுகிறவன் தலைக்கு மேல் வேலை என்று சொல்வது சின்னவன் வருடக்கணக்காக விட்டுக்கொண்டிருந்த பழைய ஜோக். சின்னவன் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள், பெரியவளைத் தவிர.

அவளுக்கு அன்பு வந்தாலே கூடவே அதிகாரமும் வந்துவிடும். மறுநாளே ஓர் ஆலோசகரைத் தேடிப் போய்ப் பார்த்தாள். அவர் பொதுவாகச் சில விஷயங்கள் சொன்னார், ஆளுக்கு ஆள் மாறும், உங்க தம்பியையே கேட்டுக்கோங்க என்றும் சொன்னார். பெரியவள் முதல் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், இரண்டாம் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். நேராகப் பேச வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது, கிண்டல் கூடாது, ஒன்றைச் சொல்லி இன்னொன்றை நினைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து சட்டமாகவே போட்டுவிட்டாள்.

அம்மாவின் பாடுதான் திண்டாட்டம். அவளுக்கு நேராகப் பேசவே வராது. மகனைப் பார்த்ததும், “எங்கடா போயிருந்தே, வழி பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப் போச்சு,” என்பாள். அடுப்படியிலிருந்து பெரியவள், “கண்ணு பூக்காதும்மா, நேராச் சொல்லு,” என்பாள். அம்மா ஒரு நிமிடம் திணறிவிட்டு, “நீ தாமதமா வந்திருக்கே,” என்பாள். அதைக் கேட்டால் தாய் பேசுகிற மாதிரியா இருக்கும், பள்ளிக்கூட வாசலில் நிற்கிற காவலாளி பேசுகிற மாதிரி இருக்கும். வயிறு எரியுது என்றால் வயிற்று வலியா என்று அவன் பயந்துவிடுவானாம். உயிரை வாங்காதே என்பதற்கும் தடை. கொஞ்ச நாளில் அம்மா மகன் எதிரில் வாயையே திறப்பதில்லை, சோற்றைப் போடுவதோடு சரி. வீட்டுக்காரரும் முதலில் பல்லைக் கடித்துப் பார்த்தார். பிறகு, மச்சானிடம் சொல்லக்கூடிய விஷயம் என்று அவரிடம் மிச்சம் இருந்தது மழை வருமா வராதா என்பதுதான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கிற சாப்பாடாக ஆகிப்போனது.

வரேனுக்குத் தடை வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சட்டமெல்லாம் வருவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இடத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்று பெரியவள், இதோ வரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. சின்னவன் மதியம் போட்ட தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தான், ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ஆலோசகரிடம் போய் வந்த பிறகு அவளுக்கு அது ஞாபகம் வந்தது. ஐயோ, வரேன்னு சொன்னதை அப்படியே எடுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்திருக்கான் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவனுடைய அறைக்குப் போனால், கிளம்பும்போது எல்லாரும் போறோம் என்றுதான் சொல்ல வேண்டும். திரும்பி வராத நாளில் வரேன் என்று பொய் சொல்லக் கூடாது. அம்மாவுக்கு மட்டும் அந்தச் சொல் தொண்டையைத் தாண்டவில்லை. பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அவள் வாசலில் நின்று கையை மட்டும் அசைப்பாள்.

இப்போது அவனே அந்தச் சொல்லை எடுத்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

நேற்று இரவு பெரியவள் படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தாள். அடுத்த வீட்டு அத்தை ஒரு தடவை சொன்னது காதில் ஓடிக்கொண்டிருந்தது, அவங்களுக்கெல்லாம் ஒட்டுதலே இருக்காதாம், பெத்தவங்களும் ஒண்ணுதான், பேருந்துல பக்கத்துல உட்கார்ந்தவங்களும் ஒண்ணுதான் என்று. இதே அத்தைதான், அப்ப உங்க தம்பிக்குக் கணக்கு பிரமாதமா வருமே என்றும் கேட்டவள். சின்னவனுக்குச் சில்லறை கொடுப்பதற்கே விரல் விட்டு எண்ண வேண்டும். அந்த விஷயத்தில் அத்தை சொன்னது தப்பு என்று பெரியவளுக்குத் தெரியும். இருந்தும் இந்த விஷயத்தில் மட்டும் அத்தையை நம்பினாள். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை, குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. அதனால் உள்ளேயும் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டுவது சுலபமாக இருந்தது. அப்படி முடிவு கட்டிவிட்டால் தூக்கம் வர வேண்டுமே, அதுவும் வரவில்லை.

ஒலிபெருக்கியில் உளறிய பிறகு அவளால் கூண்டுக்குள் உட்கார முடியவில்லை. அடுத்த முறை வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயமாக இருந்தது. இன்னொரு பெண்ணை உட்காரச் சொல்லிவிட்டு, மேலாளரிடம் அரை நாள் கேட்டுக்கொண்டு, சந்தைப் பக்கம் நடந்தாள். போகாதே என்று சொல்லிவிட வேண்டியதுதான், நேராக, அவனுக்குப் புரிகிற மாதிரி. வழியெல்லாம் அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு தடவையும் அது பேருந்து அறிவிப்பு மாதிரியே வந்தது.

சின்னவனின் கடையை ஒட்டிப் புதிதாக ஓர் இரும்புப் பட்டறை வந்திருந்தது. கம்பி அறுக்கிற சத்தம் பல்லைக் கூச வைத்தது. கடைக்குள் இரண்டு நாற்காலிகள், ஒரு பெரிய கண்ணாடி, காத்திருக்கிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. சின்னவன் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு ஒரு மீன் கடைக்காரருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடியிலேயே அவளைப் பார்த்துவிட்டான். தலையை ஆட்டி, பெஞ்சைக் காட்டி, “வரிசையில உட்காரு,” என்றான். அக்கா என்று சலுகை எதுவும் கிடையாது. அவள் ஒரு கிழிந்த பத்திரிகையை எடுத்து விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மீன் கடைக்காரர் கண்ணாடியில் தன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரொம்ப நல்லா வெட்டிட்டே போ,” என்றார்.

சின்னவன் கத்தரியை நிறுத்தினான். “பாராட்டா, நக்கலா?”

“நக்கல்தான். இடது பக்கம் மேல ஏறிக் கெடக்கு பாரு.”

“சரி,” என்று இடது பக்கத்தைச் சரிசெய்யத் தொடங்கினான். அவ்வளவுதான். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை, இவனும் குறுகிப் போகவில்லை. பெஞ்சில் இருந்த யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கடையில் இது தினமும் நடக்கிற விஷயம் போலிருந்தது. பெரியவளுக்குத்தான் சுருக்கென்றது. வீட்டிலும் சின்ன வயதிலிருந்து அவன் இப்படிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், கோபமா சொல்றியா, விளையாட்டா சொல்றியா என்று. மருத்துவர் சொல்லும்வரை அவளும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அதன் பிறகு அந்தக் கேள்வியையே நோயின் அடையாளமாக எடுத்துக்கொண்டு, கேள்வி வராத மாதிரி பேச்சையே ஒழித்துவிட்டாள்.

அடுத்து உட்கார்ந்தவர் ஒரு வாத்தியார். உச்சியில் வெட்ட வேண்டிய அவசியமே இல்லாத தலை. பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம், பையன்கள் படுத்துகிறார்கள் என்றெல்லாம் புலம்பிவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“முடியலப்பா,” என்றார்.

சின்னவன் கண்ணாடியில் அவர் உச்சியைப் பார்த்தான். “அதான் பார்த்தாலே தெரியுதே, சார்.”

வாத்தியாரே முதலில் வெடித்துச் சிரித்தார், போர்த்தியிருந்த துணி குலுங்கியது. பக்கத்து நாற்காலியில் சவரம் செய்துகொண்டிருந்த முதலாளி கத்தியை எட்ட வைத்துவிட்டுச் சிரித்தார். பெரியவள் பத்திரிகையை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அதைவிட அதிகமாக அவமானமும் வந்தது. இந்த வாயை வைத்துக்கொண்டு இவன் தன் வீட்டில் மழை வருமா என்று பேசிவிட்டுப் போயிருக்கிறான். இவனுக்குப் போய் அவள் கண் பூக்காது என்று பாடம் எடுத்திருக்கிறாள்.

அவள் முறை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, நுனி மட்டும் வெட்டு போதும் என்றாள். அவன் துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டான். சின்ன வயதில் அவன் வெட்டிப் பழகியதே அவள் தலையில்தான். ஒரு கோடை விடுமுறை முழுக்கத் தலையில் துணி கட்டிக்கொண்டு திரிந்தவள் அவள். வழி நெடுக மனப்பாடம் செய்து வந்த போகாதே இப்போது நாக்கில் இல்லை. கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவள் முடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நேத்து போறேன்னு சொன்னியே. கோபமா, விளையாட்டா?”

கத்தரி நின்றது. பக்கத்தில் கம்பி அறுக்கிற சத்தம் ஒருமுறை உச்சத்துக்குப் போய் இறங்கும்வரை அவன் காத்திருந்தான்.

“ரெண்டும் இல்ல. வருத்தம்,” என்றான்.

குரல் எப்போதும் போலவேதான் இருந்தது, மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. சின்னவன் மறுபடி வெட்டத் தொடங்கினான், வெட்டிக்கொண்டே பேசினான். இந்த இரும்புச் சத்தம் ஒரு பக்கம் என்றான், மத்தியானம் ஆனால் தலை வெடிக்கிறது, புது ஊர்க் கடைக்குப் பின்னால் ஒரு தோட்டம் மட்டும்தான், அதனால் ஒத்துக்கொண்டேன் என்றான்.

“இங்க சத்தம் தாங்கல. வீட்டுக்கு வந்தா அங்க சத்தமே இல்லாததும் தாங்கல. அம்மா என்னைத் திட்டி எவ்வளவு நாளாச்சு? மாமா மழையைப் பத்தி மட்டும்தான் பேசுறார். நீ வேலையில பேசுற மாதிரியே என்கிட்டயும் பேசுற. எனக்கு முன்னாடி எப்பவும் ஒரு மைக் இருக்கு.”

“உனக்குப் புரியாம போயிடுமோன்னுதான்…”

“புரியலன்னா நான் கேட்பேனே. எப்பவும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்? நீங்கதான் என்னை ஒண்ணுமே கேட்கல.”

அவன் சீப்பை நனைத்துக்கொண்டு வந்தான். முதல் தடவை அவர்கள் அவனுடைய அறை வாசலில் நின்று போறோம் என்று சொன்னபோது பயந்துவிட்டேன் என்றான். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது, மறைக்கிறார்கள் என்று நினைத்தானாம். அன்று ராத்திரி அம்மாவுக்கு இரண்டு தடவை போன் செய்து நல்லா இருக்கியா என்று கேட்டானே, அது அதனால்தானாம். பெரியவளுக்கு அந்தப் போன் ஞாபகம் இருந்தது. இவங்க இப்படித்தான் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பாங்க என்று அப்போது அம்மாவிடம் விளக்கம் வேறு சொன்னாள்.

“அப்புறம் பழகிப்போச்சு,” என்றான். “பழகினதுதான் கஷ்டமா இருந்துச்சு.”

கடைசியில் அவள் அந்தத் தட்டைப் பற்றிக் கேட்டாள். இதோ வரேன் என்று அவள் சொல்லிவிட்டுப் போன அன்று சாயங்காலம் வரைக்கும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தானே, அது பின்னே என்ன. அவன் யோசிக்கவேயில்லை.

“நீ சாயங்காலம்தான் வருவேன்னு தெரியும். உன் வேலை எனக்குத் தெரியாதா? நீயும் காலையிலேர்ந்து சாப்பிடல. தனியாச் சாப்பிடுவியேன்னு உட்கார்ந்திருந்தேன்.”

பெரியவள் துணிக்குள்ளிருந்து கையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வெட்டி முடிந்த வாத்தியார் போகாமல் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார், அவர் மரியாதைக்குத் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தம்பி அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக வைத்தான். “ஆடாத. காதை வெட்டிடுவேன். அப்புறம் நீ சொல்ற அறிவிப்பு உனக்கே கேட்காது,” என்றான். அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள், மூக்கு ஒழுகியது, துணியிலேயே துடைத்துக்கொண்டாள். சிரித்ததும் தைரியம் வந்து, போகாதேன்னு சொன்னா கேட்பியா என்றாள். சொல்லு, ஆனா போவேன் என்றான். ஒத்துக்கிட்டாச்சு, அந்தத் தோட்டம் எனக்கு வேணும் என்றான். கெஞ்சினால் மனம் மாறும் என்று அவள் நம்பியிருந்தாள். மாறவில்லை. வலித்தது, ஆனால் கூண்டிலிருந்து கிளம்பும்போது இருந்த பதைபதைப்பு இல்லை.

கழுத்தில் ஒட்டியிருந்த முடியை அவன் தூரிகையால் தட்டிவிட்டான். அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வாய் பழக்கத்தில் அந்தப் பாழாய்ப்போன சொல்லுக்குப் போனது. பிடித்து நிறுத்தினாள்.

“வரேன்,” என்றாள்.

அவன் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. “எப்போ?”

அவள் திரும்பிப் பார்த்தாள். உண்மையாகவே கேட்கிறானா? பழைய பயம் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. பிறகு இவ்வளவு நாள் அவன் செய்துகொண்டிருந்ததை அவளும் செய்தாள்.

“கிண்டலா, நிஜமாவா?”

“கிண்டல்தான்,” என்றான். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தான். “ஆனா எப்போன்னு நிஜமாவே சொன்னா நல்லா இருக்கும்.”

புது ஊருக்குக் காலைப் பேருந்து எது என்று அவளுக்கு மனப்பாடம், எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வர்ற ஞாயிற்றுக்கிழமை, அம்மாவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு முதல் வண்டியில் வருகிறேன் என்றாள். அம்மா பேசுவாளா என்று கேட்டான். நீ காதைப் பொத்திக்கிற வரைக்கும் பேசுவா என்றாள். அவன் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டான். அடுத்தவருக்காக நாற்காலியைத் தட்டித் துடைத்துவிட்டு, முதல் தடவையாக வாசல் பக்கம் திரும்பினான்.

“சரி, போயிட்டு வா. அன்னைக்கு மாதிரி சாயங்காலம் ஆக்கிடாத. பசி தாங்க மாட்டேன்.”